தங்கமீனின் இரண்டு பக்கமும் செதில் உரிந்து சிவந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

அலஸ்தோட்டத்தான் (திங்கள், இரவு 9.50)

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டி, இரட்டைவால் தங்கமீன் மூன்று. அதில் பெரியது வால் இல்லாமலே ஐந்து அங்குலம் வரும், மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறது, மகள் காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அதற்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள். நேற்றுக் காலை பார்த்தால் இடது பக்கம் நடு உடம்பில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குச் செதில் மங்கி, பளபளப்பு போய், நடுவில் சிவப்பாகக் கன்றியிருந்தது. கல்லில் உரசியிருக்கும் என்று நினைத்து தொட்டிக்குள் வைத்திருந்த கோட்டைப் பொம்மையை எடுத்துவிட்டேன். இன்று காலை வலது பக்கமும் அதேபோல் ஒன்று. நாலைந்து செதில் கழன்று தரையில் கிடந்தது. வாலின் மேல்நுனியும் கிழிந்திருக்கிறது. சாப்பாடு போட்டால் வருகிறது, ஆனால் பாதிதான் தின்கிறது, பிறகு மூலையில் போய் அப்படியே நிற்கிறது. நாளை என்ன மருந்து வாங்கிப் போடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சீனக்குடா (திங்கள், இரவு 10.05)

மெத்திலீன் புளூ, நீல மருந்து என்று கேட்டால் கடையில் தருவார்கள். நான் எந்தக் காயத்துக்கும் அதுதான் போடுவேன். தண்ணீர் நீலமாகிற அளவுக்குப் போட்டு மூன்று நாள் விடுங்கள்.

உவர்மலை (திங்கள், இரவு 10.20)

தம்பி, இன்று இரவு தொட்டிக்குள் எதையும் ஊற்றிவிடாதீர்கள். நீல மருந்து கெட்டது என்று சொல்லவில்லை, அதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஆனால் பெரிய தொட்டிக்குள் அதை ஊற்றினால் ஃபில்டர் ஸ்பொஞ்சில் வளர்ந்திருக்கிற நல்ல பக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடும். மீனின் கழிவில் இருந்து வரும் அமோனியாவைத் தின்று தீர்ப்பது அந்தப் பக்டீரியாதான். அது செத்தால் இரண்டு நாளில் அமோனியா ஏறும், காயம்பட்ட மீன் காயத்தால் சாகாமல் தண்ணீரால் சாகும். தொட்டி ஓரத்துச் சிலிக்கோனும் நீலமாகிவிடும், அது பிறகு போகவே போகாது.

முதலில் இவற்றைச் சொல்லுங்கள். தொட்டியில் வேறு என்ன மீன் இருக்கிறது? தண்ணீர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எந்தத் தண்ணீர், கிணறா குழாயா? ஃபில்டர் என்ன மாதிரி, அதன் உறிஞ்சும் வாய்க்கு மூடி இருக்கிறதா? காயத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது நிற்கிறதா? உடம்புச் செதில்கள் படிந்திருக்கின்றனவா, சிலிர்த்து நிற்கின்றனவா?

அலஸ்தோட்டத்தான் (திங்கள், இரவு 10.45)

நன்றி அண்ணா. முதலில் தொட்டியை அளந்தேன். நீளம் 90, அகலம் 30, தண்ணீர் உயரம் 33 சென்ரிமீற்றர். பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் 89 லீற்றர் வருகிறது, நான் இவ்வளவு நாளும் 120 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தங்கமீன் மூன்றும், பாசி தின்கிற டாங்க் கிளீனர் மீன் ஒன்றும் இருக்கின்றன, வேறில்லை. போன சனி முப்பது வீதம் மாற்றினேன், குழாய்த் தண்ணீர், வாளியில் ஒரு இரவு வைத்துத்தான் ஊற்றுவேன். உள்ளே வைக்கும் ஸ்பொஞ்ச் ஃபில்டர், வாய் முழுக்க ஸ்பொஞ்சுக்குள் இருக்கிறது, மீன் அதில் மாட்ட இடமில்லை. பஞ்சு இல்லை. செதில் சிலிர்க்கவில்லை. மேலே கண்ணாடி மூடி, பூனைக்கும் வழியில்லை. தண்ணீர் 31 பாகை காட்டுகிறது.

உவர்மலை (திங்கள், இரவு 11.15)

சரி, பஞ்சு இல்லை, சிலிர்ப்பு இல்லை, சாப்பிடவும் வருகிறது. இது காப்பாற்றக்கூடிய நிலை. இனி நான் சொல்வதை நாளை வரை தள்ளிப்போடாமல் முடிந்தால் இப்போதே செய்யுங்கள்.

மீனைத் தனியாக வையுங்கள். அதற்குக் கண்ணாடித் தொட்டி தேவையில்லை, மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டி புதிதாக ஒன்று இருந்தால் அதைவிட நல்லது வேறு இல்லை, வெளிச்சம் மறையும், வெயிலில் தண்ணீர் சட்டென்று சூடாகாது. ஐஸ் போட்டு மீன் ஏற்றிய பழைய பெட்டி வேண்டாம். அது கிடைக்காவிட்டால் பெரிய பிளாஸ்டிக் பேசன். எதுவானாலும் சவர்க்காரம் படாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். 40 லீற்றர் வரை பிடித்தால் நல்லது, 20 லீற்றரில் அந்த அளவு தங்கமீனுக்கு ஒரே நாளில் தண்ணீர் கெட்டுவிடும். பெரிய தொட்டித் தண்ணீர் பாதி, வைத்து ஆறிய புதுத் தண்ணீர் பாதி. வலையால் பிடிக்காதீர்கள். வலை மீதமிருக்கிற வழுவழுப்பையும் செதிலையும் சுரண்டிக்கொண்டு போய்விடும், அந்த வழுவழுப்புத்தான் மீனுக்குத் தோலுக்கு மேல் ஒரு தோல். ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைத் தண்ணீருக்குள் சரித்து, மீனை மெதுவாக அதற்குள் ஓட்டி, தண்ணீரோடு தூக்குங்கள். காற்று மோட்டரில் கொழுவிக் குமிழி விடுகிற காற்றுக் கல் கட்டாயம் போடுங்கள். 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும் என்றால் 30 பாகையில் ஏழரைதான் கரையும், இந்தக் கச்சான் காற்று அடிக்கிற வெக்கை மாதங்களில் எங்கள் தொட்டிகளில் மீன் ஏற்கனவே குறைந்த மூச்சில்தான் இருக்கிறது.

அடுத்தது உப்பு. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கிற நீர் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 9 கிராம் உப்புப் போட்ட தண்ணீர் மாதிரி. வெளியே தொட்டித் தண்ணீரில் உப்பு இல்லாத மாதிரித்தான். தோல் முழுதாக இருக்கும்வரை சமாளிக்கும். தோல் உரிந்த இடத்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும், உள்ளிருக்கிற உப்பு வெளியே போகும், சிறுநீரகம் இரவு பகலாக அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். மீன் மூலையில் அசையாமல் நிற்பது அந்தக் களைப்பிலும்தான். நாங்கள் வெளியே கொஞ்சம் உப்புப் போட்டால் அதன் வேலை குறையும், மிஞ்சிய பலம் காயத்தை ஆற்றப் போகும். லீற்றருக்கு 2 கிராம் போதும். 40 லீற்றருக்கு 80 கிராம். அதை ஒரேயடியாகப் போடாமல் இன்று 40, நாளை இரவு 40, ஒவ்வொரு முறையும் ஒரு போத்தல் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை வராது, தராசில் நிறுங்கள்.

பெரிய தொட்டியில் உப்புப் போடவேண்டாம், டாங்க் கிளீனருக்கு உப்பு அவ்வளவாக ஒத்துவராது.

பாலையூற்று அக்கா (செவ்வாய், காலை 6.10)

உவர்மலை அண்ணா, என்ன உப்பு என்று சொல்லவில்லையே. கடையில் எல்லாம் அயடின் போட்டதுதான் கிடைக்கிறது. அயடின் மீனைக் கொல்லும் என்று பல பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மூதூர்_மீன் (செவ்வாய், காலை 6.40)

உப்பு வாங்குவானேன், எங்களைச் சுற்றிக் கடல்தானே? ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றினால் ஆகாதா? உண்மையாகத்தான் கேட்கிறேன். என்னிடம் ஃபைட்டர் மீன் ஒன்றும் செட்டை கிழிந்து இருக்கிறது.

உவர்மலை (செவ்வாய், காலை 7.30)

அக்கா, உப்பில் இருக்கிற அயடின் அளவு மிகச் சிறியது, லீற்றருக்கு 2 கிராம் போடுகிறபோது அதனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. நான் பார்ப்பது கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கிற பொருள்களையும் வாசனை, மசாலா கலந்த உப்புகளையும்தான். நிலாவெளிப் பக்கம் உப்பளத்துக் கல்லுப்பு, கழுவினது, அதுதான் நான் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் சாதாரணச் சமையல் உப்பு.

மூதூர்த் தம்பி, கணக்குப்படி உங்கள் கேள்வி சரிதான். கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அப்படியென்றால் 80 கிராமுக்கு இரண்டேகால் லீற்றர் போதும். ஆனால் கரையோரத் தண்ணீரில் வள்ளங்களின் எண்ணெய், கான் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ உயிர்கள் இருக்கும், உள்துறைமுகப் பக்கம் சொல்லவே வேண்டாம். திறந்த காயம் இருக்கிற மீனுக்கு அது வேண்டாம். உப்புப் பொதி மலிவு.

ஃபைட்டருக்கு என் பதில் வேறு. செட்டை மட்டும் கிழிந்திருந்தால் உப்புக்கூடத் தேவையில்லை, தண்ணீரை அடிக்கடி மாற்றி, நாட்டு வாதுமையின் காய்ந்து விழுந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள், சிங்களத்தில் கொட்டம்பா என்பார்களே அது. பச்சை இலை வேண்டாம், ரோட்டோரம் புகை படிந்த மரத்து இலையும் வேண்டாம். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வரும், பயப்படாதீர்கள், அந்த மீனின் சொந்த ஊர்த் தண்ணீரே அப்படித்தான். செட்டை திரும்ப வளரும்போது ஓரம் கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் வரும். அதைக் கண்டு திரும்பவும் கிழிகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பிளாஸ்டிக் செடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், பழைய மெல்லிய காலுறை ஒன்றை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், நூல் இழுபட்டால் செட்டையும் கிழியும்.

அலஸ்தோட்டத்தான் (செவ்வாய், காலை 8.00)

மீனை மாற்றியாகிவிட்டது. இரவு பன்னிரண்டு மணிக்கு, வீட்டுக்காரி டார்ச் பிடிக்க. மச்சான் மீன் வியாபாரம், அவர் வீட்டில் புதுப் பெட்டி இருந்தது. தூக்கும்போதுதான் காயத்தைக் கிட்டப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி கீறல் இல்லை. நீள்வட்டம். ஓரம் வெட்டினமாதிரி ஒழுங்காக இருக்கிறது, உள்ளே செதில் எல்லாம் ஒரே திசையில் தேய்ந்து, அடியில் இருக்கிற தோல் ரோசாப்பூ நிறத்தில் தெரிகிறது. யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி. 40 கிராம் போட்டேன். காலையில் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றுகிறது, சாப்பாடு இன்னும் போடவில்லை.

உவர்மலை (செவ்வாய், காலை 8.20)

நல்லது. இன்று பட்டினி இருக்கட்டும், ஒரு நாள் பட்டினியில் தங்கமீனுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டியில் ஃபில்டர் இல்லை, அதனால் தினமும் பாதித் தண்ணீர் மாற்றவேண்டும். சாப்பாடு போடாவிட்டாலும் செவுளால் அமோனியா வந்துகொண்டுதான் இருக்கும். 20 லீற்றர் எடுத்தால் புதிதாக ஊற்றுகிற 20 லீற்றரில் 40 கிராம் உப்பு, அவ்வளவுதான். வெயிலில் தண்ணீர் வற்றிக் குறைந்தால் உப்பில்லாத தண்ணீரால் நிரப்புங்கள். தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. இந்த ஒரு இடத்தில் பிழைவிட்டு உப்பை ஏற்றிவிடுபவர்கள் அதிகம்.

கந்தளாயிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசம் தூக்கலாக இருக்கிற நாள்களில் வெறுமனே வைப்பதோடு நிற்காமல் காற்றுக் கல் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். அவசரமென்றால் அன்ரி குளோரின், கடையில் பளிங்கு மாதிரி விற்பார்கள், சோடியம் தயோசல்பேற்று.

பாலையூற்று அக்கா (செவ்வாய், காலை 9.05)

தம்பி, நீள்வட்டம் என்று எழுதினீர்களே, அதை வாசித்ததில் இருந்து எனக்கு மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உங்கள் டாங்க் கிளீனர் எவ்வளவு பெரிது? எப்போது வாங்கினது? அதற்கென்று தனியாக ஏதாவது சாப்பாடு போடுகிறீர்களா?

அலஸ்தோட்டத்தான் (செவ்வாய், காலை 9.30)

வாங்கும்போது சுண்டுவிரல் அளவு, ஒன்றரை வருடம் இருக்கும். இப்போது ஒரு சாண். தனியாக ஒன்றும் போடுவதில்லை அக்கா, பாசியைத் தின்னும் என்றுதானே வாங்கினது. பகலில் ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அசையாது, பாவம் போல இருக்கும். அதுவாக இருக்குமென்று நினைக்கிறீர்களா?

பாலையூற்று அக்கா (செவ்வாய், காலை 10.10)

ஓம், நான் அதைத்தான் நினைக்கிறேன். எனக்கு இப்படி இரண்டு மீன் போனது, மூன்றாவதற்குத்தான் கண்டுபிடித்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அது சின்னதாக இருக்கும்போது கண்ணாடிப் பாசி போதும். ஒரு சாண் வளர்ந்த பிறகு உங்கள் தொட்டிப் பாசி அதற்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. அது இன்னும் வளரும், ஒன்றரை அடிவரை போகும் சாதி. பசி வந்தால் இரவில் சுரண்டுகிற வாயை வைத்துத் தட்டையான, மெதுவாக நீந்துகிற மீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், வழுவழுப்பை நக்கித் தின்னும். தங்கமீன், ஏஞ்சல் இரண்டும்தான் முதலில் அகப்படும். இரவில் தங்கமீன் தூங்கும், விரட்டாது. உங்கள் மீனுக்கு இரண்டு நாளும் காலையில்தானே காயம் தெரிந்தது?

டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுங்கள், சிவப்பு வெளிச்சத்துக்கு அது அவ்வளவாக ஓடாது. நடுச்சாமத்துக்குப் பிறகு பாருங்கள்.

சீனக்குடா (செவ்வாய், பகல் 12.40)

அக்கா சொல்வது இருக்கலாம், ஆனால் என்னிடம் நாலு வருடமாக இருக்கிறது, ஒரு மீனையும் தொட்டதில்லை.

பாலையூற்று அக்கா (செவ்வாய், பகல் 1.00)

இருக்கலாம் தம்பி, எல்லாமே இப்படிச் செய்வதில்லை. உங்கள் வீட்டில் பகல் இரவு விளக்கு எரிந்து பாசி நிறைய இருக்கும், அல்லது மற்ற மீனுக்குப் போடுகிற சாப்பாடு அடியில் நிறைய விழும். ஒருமுறை பழகிவிட்டால் பிறகு விடாது என்பதுதான் நான் கண்டது.

அலஸ்தோட்டத்தான் (புதன், அதிகாலை 2.25)

கண்டேன். கை நடுங்குகிறது, அப்படியே எழுதுகிறேன்.

மகளின் ரொபிச் சரையைப் பிரித்து டார்ச்சில் கட்டி, ஒன்றரையில் இருந்து கதிரையில் இருந்தேன். முதலில் அது கண்ணாடியில் மேலும் கீழும் போனது. பிறகு அடிக்கு வந்து மணலில் கொஞ்ச நேரம். வெள்ளைத் தங்கமீன் அடியில் ஓரமாக, செட்டையை மடித்துக்கொண்டு, நிறம் மங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. டாங்க் கிளீனர் பின்பக்கத்தால் மெதுவாக வந்து அதன் பக்கவாட்டில் அப்படியே படுத்துக்கொண்டது, அட்டை ஒட்டின மாதிரி. வாய் மட்டும் அசைந்தது. தங்கமீன் ஒருமுறை உதறியது, இரண்டடி இழுபட்டது, அது விடவில்லை. நான் மூடியைத் திறந்து கையை விட்ட பிறகுதான் விட்டது. இப்போது அதை வாளியில் போட்டு மூடியின்மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன். வெள்ளைக்கும் ஒரு பக்கம் பெருவிரல் நகம் அளவு மங்கியிருக்கிறது.

அக்கா, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் பெரியதைச் சுகப்படுத்தித் திரும்ப அதே தொட்டிக்குள் விட்டிருப்பேன்.

உவர்மலை (புதன், காலை 6.30)

நானும் கேட்டிருக்கவேண்டும். நீங்கள் டாங்க் கிளீனர் என்று எழுதினதை வாசித்து உப்பைப் பற்றி மட்டும் யோசித்துவிட்டுப் போய்விட்டேன். அக்காவுக்கு நன்றி.

வாளிக்கும் காற்றுக் கல் போடுங்கள். அதைப் பிடிக்கும்போதும் வலை வேண்டாம், செட்டை முள் வலையில் கொழுவிக்கொண்டால் எடுப்பதற்குள் அதற்கும் காயம், உங்களுக்கும் காயம். வெள்ளைக்குச் செதில் போகவில்லையென்றால் பெரிய தொட்டியிலேயே இருக்கட்டும், இனிச் சுத்தமான தண்ணீரே போதும்.

மூதூர்_மீன் (புதன், காலை 7.15)

அதை அப்படியே கொண்டுபோய்க் குளத்தில் விட்டுவிடுங்கள் அண்ணா, பாவம் உயிரோடாவது இருக்கட்டும்.

பாலையூற்று அக்கா (புதன், காலை 7.40)

தயவுசெய்து வேண்டாம். தம்பி நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் நாட்டில் பல நீர்நிலைகளில் இது ஏற்கனவே பெருகிக் கிடப்பது இப்படி விட்டுத்தான். இது தென்னமெரிக்க மீன், உடம்பெல்லாம் எலும்புத் தகடு, எங்கள் குளத்தில் இதைத் தின்ன ஆளில்லை. கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும், கரை இடியும். வலை போடுகிற குளத்து மீனவர்களுக்கு இந்த முள் கொழுவி வலை கிழியும், மீனுக்கும் விலையில்லை. கந்தளாய்க் குளமோ வெண்டரசன் குளமோ எங்கேயும் விடக்கூடாது, கான், கடலேரியும் அப்படித்தான்.

என் வீட்டுப் பின்வளவில் சீமெந்துத் தொட்டி இருக்கிறது, எட்டடி நீளம், முன்பு உடுப்புத் தோய்க்க நிரப்பி வைத்தது. என்னுடையதும் அதில்தான் இருக்கிறது. கொண்டுவந்து தாருங்கள், வைத்துக்கொள்கிறேன். அது கெட்ட மீன் இல்லை, அதற்குப் பசி. இரவில் ஒரு துண்டு வெள்ளரிக்காய், பூசணி, கல்லோடு கட்டி அடியில் போட்டால் காலையில் தோல்தான் இருக்கும்.

அலஸ்தோட்டத்தான் (புதன், இரவு 8.10)

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அக்கா தேத்தண்ணியும் தந்து வெள்ளரிக்காய் கட்டுகிற விதமும் காட்டித் தந்தார். மிக்க நன்றி.

அலஸ்தோட்டத்தான் (வெள்ளி, மாலை 5.30)

திரும்பவும் பயமாக இருக்கிறது. பெரியதன் இடது காயத்தின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. சிவப்புக் குறைந்திருக்கிறது, ஆனால் இந்த வெள்ளை புதிது. பூஞ்சணமா?

சீனக்குடா (வெள்ளி, மாலை 5.45)

நான் முதலே சொன்னேன், மருந்து இல்லாமல் ஆறாது. நீல மருந்து வேண்டாமென்றால் பார்மசியில் ரெட்ராசைக்கிளின் கப்சூல் வாங்கி உடைத்துப் போடுங்கள். என் நண்பனுக்கு அதில் சுகமானது.

உவர்மலை (வெள்ளி, மாலை 6.20)

அந்த வெள்ளை எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பால் ஆடை மாதிரி மெல்லியதாக, தட்டையாக, காயத்தின் அளவோடு நிற்கிறதா? அல்லது இலவம்பஞ்சு மாதிரி நூல் நூலாக வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரில் அசைகிறதா? முதலாவது என்றால் மீன் தானே போட்டுக்கொள்கிற வழுவழுப்பும் புதுத் தோலும், அதைப் பார்த்துச் சந்தோசப்படுங்கள். இரண்டாவது என்றால் பூஞ்சணம், அப்போது இந்தத் தனிப் பெட்டிக்குள் நீல மருந்து போடலாம், போத்தலில் எழுதியிருக்கிற அளவுப்படி. சீனக்குடாத் தம்பி சொன்ன மருந்துக்கு இடம் அதுதான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் இந்த வெக்கைக்கு நான் கூடப் பயப்படுகிறேன். காயத்தில் இருந்து வெளிறின திட்டு ஒன்று முதுகைச் சுற்றிச் சேணம் வைத்த மாதிரி ஒரே நாளில் பரவினால் அது பூஞ்சணம் இல்லை, பார்க்க அதுமாதிரி இருக்கிற ஒரு பக்டீரியா, சூட்டில் மிக வேகமாக ஓடும். அப்படி என்றால் வீட்டு வைத்தியம் காணாது, மிருக வைத்தியரிடம் போகவேண்டும்.

கப்சூல் விசயத்தில் என் எண்ணத்தை உறுதியாகச் சொல்கிறேன். ரெட்ராசைக்கிளின் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தல் அடியில் வெள்ளைப் படை படிய வைக்கிற தண்ணீர். அதில் கப்சூலை உடைத்துப் போட்டால் மருந்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கட்டுப்பட்டுவிடும், மீனுக்குள் போகாது, தண்ணீர் மண்ணிறமாகி நுரைக்கும், காற்றும் குறையும். அரைகுறை அளவில் பக்டீரியாவுக்கு மருந்து பழகிப்போவதுதான் மிஞ்சும். காயம் ஆழமாகிக்கொண்டு போனால், செட்டையில் இரத்தக் கோடு ஓடினால், வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்தால், அப்போதும் நாங்களாக உடைத்துப் போடாமல் வைத்தியரைக் கேட்பதுதான் சரி.

சீனக்குடா (வெள்ளி, மாலை 6.50)

தண்ணீர்க் கதை எனக்குத் தெரியாதது, ஒத்துக்கொள்கிறேன். நீல மருந்தைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை, தனிப் பெட்டியில் இருக்கும்போது முதல்நாளே போட்டிருந்தால் இந்தப் பயமே இல்லை.

மூதூர்_மீன் (வெள்ளி, இரவு 7.10)

அம்மம்மா மஞ்சள்தூள் போடச் சொல்கிறார், போடலாமா? காயம் ஆற வெக்கையும் கூட்டவேண்டும் என்று ஒரு இடத்தில் வாசித்தேன்.

உவர்மலை (வெள்ளி, இரவு 7.30)

மஞ்சள் எங்கள் கை காயத்துக்குச் சரி. தண்ணீரில் தூள் கரையாது, மிதந்து செவுளில் படியும், மூச்சு முட்டும். வெக்கை கூட்டச் சொல்வது குளிர் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. இங்கே தண்ணீர் 31 பாகையில் இருக்கிறது, தங்கமீன் குளிர் விரும்புகிற மீன். முடிந்தால் ஒன்றிரண்டு பாகை குறையுங்கள், ஒரு சின்னப் போத்தலில் தண்ணீரை உறையவைத்து மதியத்தில் மிதக்க விடலாம், ஒரேயடியாக இறக்கக்கூடாது.

அலஸ்தோட்டத்தான் (வெள்ளி, இரவு 8.00)

பால் ஆடை மாதிரித்தான் அண்ணா. தட்டையாக இருக்கிறது, அசையவில்லை. மூச்சு வந்தது எனக்கு.

அலஸ்தோட்டத்தான் (திங்கள், காலை 7.20)

நேற்று இரவு பதினொன்றரைக்குக் கரண்ட் போய் நாலு மணிக்குத்தான் வந்தது. காற்று மோட்டர் நின்றவுடன் அரை மணித்தியாலத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நானும் வீட்டுக்காரியும் மாறி மாறிக் கோப்பையால் அள்ளி ஒரு முழ உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், பத்து நிமிடம் ஊற்றினால் இருபது நிமிடம் தாங்கியது. பெரிய தொட்டிக்கும் அப்படியே. மூன்றும் தப்பிவிட்டன. இன்று பற்றரியில் ஓடுகிற சின்ன மோட்டர் வாங்கப் போகிறேன்.

பெரியதற்கு அவித்த பட்டாணி மூன்றைத் தோல் உரித்து நசித்துக் கொடுத்தேன், மூன்றையும் தின்றது. நேற்றுக் காலை இரண்டுதான்.

பாலையூற்று அக்கா (திங்கள், காலை 8.00)

நல்ல செய்தி. அடுத்தமுறை கரண்ட் போனால் தண்ணீரையும் ஒரு கால்வாசி குறைத்துவிடுங்கள், தண்ணீர் ஆழம் குறைந்தால் ஊற்றுகிற காற்று அடிவரை போகும். உங்களுடையது இங்கே நேற்று ஒரு முழு வெள்ளரித் துண்டு தின்றது.

அலஸ்தோட்டத்தான் (நான்காவது ஞாயிறு, இரவு 9.15)

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னிக்கவும். இரண்டாவது கிழமை முடிவில் சிவப்பு முழுக்கப் போய்விட்டது. காயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு வந்தது, அண்ணாவிடம் தனியாகக் கேட்டேன், ஆறுகிற இடத்தில் தங்கமீனுக்கு அப்படிக் கறுத்துப் பிறகு மங்கும் என்றார், அப்படியே மங்கிக்கொண்டு வருகிறது. வால் நுனி கண்ணாடி மாதிரி வளர்ந்திருக்கிறது. இடது பக்கம் செதில் சின்னச் சின்னதாக வரிசையில்லாமல் முளைக்கிறது, நிறம் மற்றதைவிட வெளிறல். வலது பக்கம் இன்னும் வெறும் தோல்தான், ஆனால் மூடிவிட்டது.

போன கிழமை முழுக்க உப்பில்லாத தண்ணீரால் மாற்றி மாற்றி உப்பைக் குறைத்தேன். புதன்கிழமை பெரிய தொட்டிக்குள் விட்டாயிற்று. மகள் பள்ளிக்கூடம் போகமுதல் தான்தான் பெட்டியைச் சரிக்கவேண்டும் என்று நின்றாள், அவளே விட்டாள். வெள்ளைக்கும் இப்போது ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பாசி பிடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தொலைபேசி அட்டையால் நானே சுரண்டுகிறேன், கால்மணி நேர வேலை.

சிவப்புத்தாள் டார்ச்சை இன்னும் கழற்றவில்லை. நேற்று இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தேன், மூன்றும் நிறம் மங்கி அடியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று தூங்கிக்கொண்டிருந்தன.

உவர்மலை (நான்காவது ஞாயிறு, இரவு 9.40)

சந்தோசம் தம்பி. வலது பக்கச் செதிலுக்கு இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். சாப்பாட்டைச் சட்டென்று கூட்டவேண்டாம்.